ஏற்றப்படவில்லை

எனக்கு முப்பத்தாறு வயது. எங்களுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிற டீச்சருக்கு இருபத்தைந்து. வகுப்புக்கு வெளியே என்னை அக்கா என்பாள்; உள்ளே வந்துவிட்டால் வெளுத்து வாங்குவாள். எட்டு மணி நேரம் வார்டில் நின்றுவிட்டு வந்து உட்கார்ந்தால் காலோடு மண்டையும் சேர்ந்து வலிக்கும். விட முடியுமா? அடுத்த மாதம் பரீட்சை. தேறினால் ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலை தயார். கூடவே, 'இவர்மேல் எந்தப் புகாரும் இல்லை' என்று இங்கிருந்து ஒரு கடிதமும் கொண்டுபோக வேண்டும். அந்தக் கடிதத்தை நினைத்தால்தான் பத்து நாளாக எனக்குத் தூக்கம் இல்லை.

அன்றைக்குப் பாடம் செயப்பாட்டுவினை.

"செய்வினைன்னா செய்யறவன் முன்னாடி நிப்பான்," என்று ஆரம்பித்தாள் டீச்சர்.

"செய்வினையா? வைக்கிறதா, எடுக்கிறதா மேடம்?" என்றான் கடைசி வரிசை வெல்டர். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

டீச்சர் கண்டுகொள்ளாமல் பலகையில் எழுதினாள். 'டி ட்யூர் விர்ட் கெஷ்லோசன்.' கதவு மூடப்படுகிறது. 'விர்ட்' இரண்டாவது இடத்தில் உட்காரும். மூடுகிற வினை வேஷம் மாற்றிக்கொண்டு வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். நடந்து முடிந்த விஷயமென்றால் 'விர்ட்' என்பது 'வுர்ட' ஆகும். சரி, மூடியவன் எங்கே? வேண்டுமென்றால் 'ஃபொன்' என்று ஒரு சொல்லைப் போட்டு அவனைச் சேர்த்துக்கொள்ளலாம். வேண்டாமென்றால் விட்டுவிடலாம், இலக்கணம் ஒன்றும் சொல்லாது.

"யார் பண்ணாங்கன்னு தெரியணும்னா ஃபோன் போடணும், அவ்வளவுதானே மேடம்?" என்றான் வெல்டர்.

"எங்க வீட்டுலயும் இதே கதைதான்," என்றாள் முன்வரிசைப் பெண். "பாத்திரம் கழுவப்படும், துணி துவைக்கப்படும். யாரு செஞ்சதுன்னு ஒரு நாய்கூடக் கேக்காது."

இந்த முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விஷயம் இதுதான். பத்து நாள் முன்னால் மத்தியானம் மூன்று மணி. பதினொன்றாம் கட்டில் தாத்தாவுக்கு ரத்த அழுத்தம் பார்க்கப் போனேன். கை எட்டவில்லையென்று கட்டிலின் பக்கக் கம்பியை நான்தான் இறக்கினேன். பார்த்து எழுதி, மாத்திரையும் கொடுத்தேன். அதற்குள் டீச்சர் அனுப்பிய ஒலிப்பதிவு ஃபோனில் வந்து விழுந்தது. அறுபது வினைச்சொற்கள், சாயங்காலத்துக்குள் மனப்பாடம் ஆகவேண்டும். கேட்டுக்கொண்டே வராந்தாவுக்கு நடந்துவிட்டேன். கம்பி இறக்கியது இறக்கியபடியே இருந்தது. பத்து நிமிஷத்தில் தொம்மென்று ஒரு சத்தம். தாத்தா விழுந்து இடுப்பெலும்பு உடைந்துபோயிருந்தது.

அறிக்கை எழுதும் வேலை பணியில் இருக்கும் நர்ஸுடையது, அதாவது என்னுடையது. எழுதினேன்: 'கட்டிலின் பக்கக் கம்பி ஏற்றப்படவில்லை. நோயாளி கீழே விழுந்தார்.' நான் பிறந்ததிலிருந்து வாயால் ஒரு தரமாவது 'ஏற்றப்படவில்லை' என்று பேசியிருப்பேனா? 'ஏத்தல' என்போம். ஏத்தல என்றால் அடுத்த கேள்வி 'யாரு?' என்று வந்து நிற்கும். எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை. பொய்யும் எழுதவில்லை, உண்மையும் எழுதவில்லை. எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்!

மேட்ரன் பதிவேட்டைப் புரட்டினாள். இரண்டரை மணிக்கு அந்தக் கட்டிலில் விரிப்பு மாற்றியதாகப் பெரியக்காவின் கையெழுத்து இருந்தது. விரிப்பு மாற்றக் கம்பியை இறக்கித்தான் ஆகவேண்டும், ரத்த அழுத்தம் பார்க்க அப்படியில்லை; அதனால் என்னை யாரும் கேட்கவில்லை. வார்டில் ஆயா வேலை பார்ப்பவளை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். ஒப்பந்த ஆள். விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று அன்றைக்கே சொல்லி அனுப்பிவிட்டார்கள். விசாரணை நாளைக்கு. ஒப்பந்த ஆளுக்கு விசாரணை என்றால் என்ன அர்த்தமென்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"என்ன, கனவா?" டீச்சர் என் மேஜைக்கு முன்னால் நின்றாள். "நீங்க நர்ஸ்தானே, உங்களுக்கு ஏத்த மாதிரியே ஒண்ணு தரேன். 'நோயாளிக்கு மாத்திரை கொடுக்கப்பட்டது.' செய்வினையா மாத்துங்க."

"யாரு கொடுத்தாங்கன்னு இதுல இல்லையே."

"தெரியலைன்னா 'யேமான்ட்'னு போட்டுக்கங்க. யாரோ ஒருத்தர்."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சா ஆளைச் சொல்லவேண்டியதுதான். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

அவள் பாட்டுக்கு அடுத்த மேஜைக்குப் போய்விட்டாள். 'இஹ்' என்று எழுதினேன். நான். அதற்குமேல் பேனா ஓடவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். கூப்பிட்டாள், திரும்பிப் பார்க்கவில்லை.

பெரியக்கா வீடு மாடியில் ஒற்றை அறை. அவள் மகள் தரையில் போர்வையை மடித்துப்போட்டுச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பெரியக்கா பதறிப்போய் ஸ்டூலைத் துடைத்தாள்.

"உக்காருங்க சிஸ்டர். டீ போடட்டுமா? தாத்தா எப்படி இருக்காரு?"

"ஆபரேஷன் முடிஞ்சிருச்சு. நல்லா இருக்காரு."

"நிம்மதி. சிஸ்டர், நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். விரிப்பு மாத்தினதும் கம்பியை ஏத்தினேன்னுதான் முதல்ல தோணுச்சு. அப்புறம் மேட்ரன் கேட்ட கேள்வியில எல்லாமே குழம்பிப்போச்சு. மறந்துதான் போயிருக்கேன் போல. நாளைக்கு நான்தான்னு ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேட்டுடலாம்னு இருக்கேன். நீங்க ஆள் பேரைப் போடாம எழுதினீங்களாமே, என்னைக் காப்பாத்தத்தானே? நல்லா இருக்கணும் சிஸ்டர் நீங்க."

அய்யோ, அந்த வார்த்தைக்குப் பதில் அவள் என்னை அறைந்திருக்கலாம்.

"நீங்க மறக்கல பெரியக்கா. நீங்க ஏத்தினீங்க. நான்தான் இறக்கினேன். இறக்கிட்டு ஃபோனைப் பாத்துக்கிட்டே போயிட்டேன்."

மகள் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

பெரியக்கா தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். "பத்து நாளா," என்றாள், "இந்தக் கையைப் பாத்து, எப்படி மறந்தே, எப்படி மறந்தேன்னு கேட்டுக்கிட்டிருக்கேன். இவகிட்டக்கூடச் சொல்லிட்டேன், உங்கம்மாவாலதான் ஒரு பெரியவரு எலும்பு உடைஞ்சு கெடக்காருன்னு."

"மன்னிச்சிருங்க. வெளிநாட்டு வேலை கைவிட்டுப் போயிடுமோன்னு பயம். நாளைக்கு மேட்ரன்கிட்ட நானே..."

"நிறுத்து."

ஏழு வருஷமாக என்னை 'நீங்க' என்றவள். என் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அவளுக்கு வரவில்லை.

"பாப்பா, உன் நோட்டுல ஒரு தாளைக் கிழி." மகள் கிழித்துக் கொடுத்ததை என் மடியில் போட்டாள். "எழுது. பேசுறது போல எழுது, எனக்குப் புரியணும்."

எழுதினேன். 'பதினொண்ணாம் கட்டில் கம்பியை நான் இறக்கினேன். திரும்ப ஏத்தாம போனேன். பெரியக்கா மேல தப்பு இல்ல.' கீழே என் முழுப்பெயரைப் போட்டுக் கையெழுத்தும் போட்டேன். அவள் ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தாள். மகளிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லி, இன்னொரு முறையும் கேட்டாள். பிறகு நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

"குடுங்க, காலையில முதல் வேலையா நானே கொடுத்துடறேன்," என்றேன்.

"வேணாம். நானே கொண்டுபோறேன். விடியறதுக்குள்ள உனக்கு மனசு மாறிடும்."

அவள் சொன்னதில் தப்பில்லை.