அழித்த மூன்று எழுத்து

வேலைக்கு எடுக்கும் முன் நடத்திக் காட்ட வேண்டிய டெமோ கிளாஸுக்குப் பள்ளியில் இருபது நிமிஷம் கொடுத்திருந்தார்கள். பாடம், ஜெரண்டும் இன்ஃபினிட்டிவும். கேட்டதிலிருந்து பொற்கொடிக்கு ஒரே எரிச்சல். இருக்கிற இலக்கணத்தில் இதைப் போய்க் கொடுப்பார்களா? 'என்ஜாய்' என்றால் பின்னால் 'ரீடிங்', 'வான்ட்' என்றால் 'டு ரீட்'. ஏன் என்று கேட்டால் இங்கிலீஷ்காரனே தலையைச் சொறிவான். எது எதனோடு போகும் என்று மனப்பாடம் செய்வதுதான் வழி. தொண்டாமுத்தூர் பஸ்ஸில் வழியெல்லாம் அவள் முணுமுணுத்துக்கொண்டே வந்ததில், பக்கத்து சீட்டு அம்மா ஏதோ மந்திரம் என்று பயந்து ஜன்னலோரம் ஒட்டிக்கொண்டார்.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. அஞ்சல் வழியில் எம்.ஏ., பிறகு பி.எட். இது நான்காவது டெமோ. முந்தைய மூன்று பள்ளிகளும் வாயைத் திறக்கவில்லை. இதுவும் போனால் திங்கட்கிழமை மில்லில் நூல் கோன் பேக்கிங் வேலைக்குச் சேர வேண்டியதுதான். சேர்ந்துவிட்டால் அப்புறம் சாக்பீஸைத் தொடப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

தாளாளர் தம்பிதுரை வெள்ளை வேட்டியும் சட்டையுமாக வந்தார். கடைசி பெஞ்சுக்குப் போகிற வழியிலேயே விசாரணை தொடங்கிவிட்டது.

"எந்தூருங்க அம்மணி?"

"நரசீபுரம் பக்கமுங்க சார்."

"அப்பா என்ன பண்றாருங்க?"

"தோப்பு வேலைங்க சார்."

"ஆரு தோப்புலீங்க?"

சொன்னாள். "ஓ" என்றார். தெரிந்துகொள்ள வேண்டியதையெல்லாம் அந்த ஒரு எழுத்தில் தெரிந்துகொண்டார். பேச்சில் மரியாதை ஒரு பொட்டும் குறையவில்லை. எங்கள் பக்கத்தில் அது என்றைக்கும் குறையாது. அதுதான் தொல்லை.

அவளுடைய அப்பா மாசாணம் நாற்பது வருஷமாக அந்தத் தோப்பில் "சரிங்க சாமி" சொல்லிவருகிறவர். மழையில் வழுக்கும் மரத்தில் ஏறச் சொன்னாலும் சரிங்க. இதற்கு மேல் தண்ணீர் விட்டால் வேர் அழுகும் என்று தெரிந்தும் சரிங்க. அந்தச் சொல்லைக் கேட்டாலே பொற்கொடிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதல் எட்டு நிமிஷம் நன்றாகவே போனது. பிள்ளைகள் சிரித்தார்கள், பதில் சொன்னார்கள். படபடப்பு கொஞ்சம் அடங்கியது. புத்தகத்திலிருந்த வாக்கியத்தைப் பலகையில் எழுதினாள்: ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ.

"இந்த 'டு' ஒரு வேஷக்காரன். இவனைப் பாத்து ஏமாறக் கூடாது. இவன் பின்னாடி 'ஐஎன்ஜி'தான் வரும்."

"ஒரு நிமிஷமுங்க அம்மணி." கடைசி பெஞ்சிலிருந்து குரல். "'டு' வந்தா 'ஐஎன்ஜி' வராதுங்க. 'டு மீட்'தான். முப்பது வருசமா லெட்டர்ல நான் அப்படித்தான் எழுதறனுங்க."

"சரிங்க சார்."

சொன்னது தான்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. வாய் சொல்லி முடிப்பதற்குள் கை டஸ்டரை எடுத்து 'ஐஎன்ஜி' என்ற மூன்று எழுத்தையும் துடைத்துவிட்டிருந்தது.

நாற்பது பிள்ளைகளும் குனிந்து எழுதினார்கள். முதல் பெஞ்சில் ஒரு சின்னப் பெண். நோட்டு லேபிளில் நஃபீசா என்று போட்டிருந்தது. பலகையைப் பார்த்தாள், விரித்திருந்த புத்தகத்தைப் பார்த்தாள். ஸ்கேலை வைத்து, அச்சிலிருந்த மூன்று எழுத்தையும் பேனாவால் நேராக அடித்தாள். மிஸ்ஸே அழித்துவிட்டார்களே, அப்புறம் புத்தகம்தானே தப்பு.

பொற்கொடி அதைப் பார்த்துவிட்டாள். அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடலாம். வேலை கிடைக்கட்டும், பிறகு சாவகாசமாகத் திருத்திக்கொள்ளலாம். திருத்துவேனா? வேலை கிடைத்த பிறகு இந்த வாய் இன்னும் நன்றாகப் பழகிப்போகுமே. அவருக்குப் பயந்ததைவிடத் தன் வாய்க்குத்தான் அவள் அதிகம் பயந்தாள்.

திரும்பி, அழித்த இடத்தில் மறுபடி எழுதினாள். எழுத்துகள் கோணிக்கொண்டு போயின.

"எல்லாரும் 'மீட்டிங்'னே எழுதுங்க. நான் அழிச்சது தப்பு. நஃபீசா, புத்தகத்துல இருக்கறதுதான் சரி கண்ணு."

"ஏனுங்க அம்மணி, இப்பத்தான சரீன்னீங்க?"

"மருவாதைக்குச் சொல்லிப்போட்டனுங்க சார்." சாக்பீஸைக் கீழே வைத்தாள். "நீங்க சொன்னது தப்புங்க சார்."

தம்பிதுரை எழுந்தார், வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "ரொம்ப நல்லதுங்க. போன் பண்றமுங்க" என்றார், அதே மரியாதையோடு.

பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றாள். போன் அடித்தது. அப்பா.

"என்ன கண்ணு, முடிஞ்சுதா?"

"கெடைக்காதுங்கப்பா."

"ஏங்கண்ணு, பாடம் சரியா வல்லியா?"

"வந்துதுங்க. தம்பிதுரை சார் நடுவுல ஒண்ணு சொன்னாருங்க. தப்புன்னு சொல்லிப்போட்டேன்."

"ஆருகிட்ட?"

"அவருகிட்டயேதானுங்க. பசங்க அத்தன பேரு முன்னாடி."

திட்டப்போகிறார் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தோப்பில் தூரத்திலிருந்து யாரோ அவரை அதட்டிக் கூப்பிடுவது கேட்டது. அதற்கு அவர் "சரிங்க சாமி" சொல்லவில்லை. சருகுகள் மேல் நடந்து அவர் தள்ளிப்போகும் சத்தம். பிறகு மாசாணம் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"என்னன்னு சொன்ன? இன்னொருக்கா சொல்லு கண்ணு."