சிவப்பு அடித்தகடு

ராய்ஸ் ஆம்தால் இறந்து மூன்று வாரங்களாகியும், வடக்கு மொன்டானாவிலுள்ள எங்கள் ஹல்வர் மாவட்டத்து மக்கள் இரண்டு கட்சிகளாகவே பிரிந்து நின்றனர். தோட்டாக்களை அடைத்துத் துப்பாக்கியின் வயிற்றில் செருகும் மேகசின் அலுமினியத்தால் ஆனதாக இருந்தமையால்தான் அவன் செத்தான் என்றது ஒரு கட்சி. அலுமினியத்தின்மேல் குற்றமில்லை, டாலி பிரான்வோல்டின் கைமேல்தான் குற்றம் என்றது மற்றொரு கட்சி. ஷெரிப் அலுவலகத்து ஆயுத அறையைப் பதினெட்டு ஆண்டுகளாகப் பார்த்துவரும் என்னிடம் இரு கட்சியினரும் தீர்ப்புக் கேட்டனர். நான் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

நடந்தது இதுதான். ஜனவரி மாதத்துப் பிற்பகல் ஒன்றில், மனைவியை அடித்த ஒருவனைப் பிடிப்பதற்காக எங்கள் ரோந்துக் காவலர்கள் டாலியும் ராய்ஸும் ஒரு பண்ணைக்குச் சென்றனர். அவன் வைக்கோல் கொட்டகைக்குள்ளிருந்து சுட்டான். டாலி சுட்டுக்கொண்டிருப்பான், அந்த மறைப்பில் முன்னேறிவிடலாம் என்று நம்பி ராய்ஸ் ஓடினான். டாலியின் துப்பாக்கி இரண்டு முறை வெடித்தது. மூன்றாம் தோட்டா மேகசினின் வாயிலிருந்து மூக்கை மேலே தூக்கிக்கொண்டு சிக்கிக்கொண்டது. டாலி அதை எடுத்தெறிந்து மீண்டும் சுடுவதற்குள் ராய்ஸ் பனியில் விழுந்துவிட்டான்.

அலுமினியத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான். முந்தைய ஆண்டு டாலி தன் கைக்காசில் மூன்று பாலிமர் மேகசின்களை வாங்கிக்கொண்டு வந்து என் மேசைமேல் வைத்தான்.

"யோவ் கிழவா, ஊரே பிளாஸ்டிக்குக்கு மாறிடுச்சு. நீ இன்னும் பீர் டின்னுக்குள்ள தோட்டாவப் போட்டுக் குடுத்துட்டு இருக்க."

"பீர் டின்னு வளைஞ்சா கண்ணுக்குத் தெரியும்டா. உன் பிளாஸ்டிக் குளிர்ல விரிசல் விட்டா உனக்கு யாரு வந்து சொல்லுவா?"

"குளிர்ல விரிசல் விட்டது உன் மண்டைதான், வெர்லின்."

மைனஸ் முப்பது டிகிரிக் குளிரில், இரண்டு வகையிலும் மும்மூன்றை இரவு முழுவதும் கொட்டகையில் போட்டுவைத்து, காலையில் இடுப்புயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் போட்டுப் பார்த்தேன். பாலிமரில் ஒன்று வாய்விளிம்பில் மயிரிழை போல வெடித்தது. அலுமினியத்தில் இரண்டு விளிம்பு வளைந்தன. எண்ணிக்கையில் பாலிமரே வென்றது. ஆயினும் வளைவு தெரியும், வெடிப்பு தெரியாது என்று சொல்லி, அலுமினியமே போதும் என்று எழுதிக் கொடுத்தேன். டாலியின் மூன்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

பழுதான மேகசினை நாங்கள் எறிவதில்லை. அதன் அடித்தகட்டில் சிவப்பு வண்ணம் பூசி ஒரு மரப்பெட்டியில் சேர்ப்போம். பயிற்சியின்போது அவற்றுள் ஒன்றை நல்லவற்றோடு கலந்து கொடுப்போம். சிக்கிய தோட்டாவை விடுவிக்கும் பழக்கம் கைக்கு வரவேண்டுமல்லவா? வண்ணத்தை உடற்பகுதியில் பூசினால் துப்பாக்கிக்குள் உரசி உதிர்ந்துவிடும். ஆகவே அடித்தகட்டில் மட்டும் பூசுவது வழக்கம். அவ்வழக்கத்தை ஏற்படுத்தியவனும் நானே.

தலைநகரிலிருந்து வந்த விசாரணை அதிகாரி டாலியின் மேகசினை ஆராய்ந்தார். வாய்விளிம்பு வளைந்திருந்தது, அடித்தகட்டில் சிவப்பு இல்லை. எனவே ஆயுத அறையை விட்டுச் செல்லும்போது அது நல்ல நிலையில்தான் இருந்தது, டாலிதான் அதைப் பனிக்கட்டியில் தவறவிட்டு, பாராமல் செருகியிருக்கிறான் என்று அவர் முடிவுகட்டினார். வியாழக்கிழமை விசாரணையில் அது பதிவாகிவிட்டால் டாலியின் வேலை போய்விடும். வேலையாவது போகட்டும். நாலாயிரம் பேர் வாழும் மாவட்டத்தில், ராய்ஸைக் கொன்றவன் என்ற பெயரோடு அவன் எங்கே போய் ரொட்டி வாங்குவான்?

செவ்வாய்க்கிழமை காலை ஷெரிப் ஆர்டிஸ் குவாலே என்னை அழைத்தார்.

"வெர்லின், ராய்ஸோட மனைவி காரின், தோட்டா எப்படிச் சிக்குதுன்னு தன் கண்ணால பாக்கணும்னு கேக்கறா. புருஷனப் பறிகொடுத்தவ. மாட்டேன்னு எப்படிச் சொல்றது? வியாழக்கிழமை உங்க பெட்டியிலேர்ந்து நாலு சொத்தைய எடுத்துட்டு வாங்க."

பெட்டியைச் சுடுதளத்துக்கு எடுத்துச் சென்று, எவை உறுதியாகச் சிக்கும் என்று ஒவ்வொன்றாகச் சுட்டுப் பார்த்தேன். முதல் மூன்றும் சொன்னபடி சிக்கின. நான்காவது சிக்கவில்லை. முப்பது தோட்டாவும் தையல் எந்திரம் போல ஓடின. மீண்டும் நிரப்பினேன், மீண்டும் ஓடின. அளவுகோலை வாய்விளிம்பில் வைத்துப் பார்த்தேன். புத்தம்புதிது போல நேராக இருந்தது. திருப்பினால் அடியில் சிவப்பு.

நவம்பர் மாதம் நினைவுக்கு வந்தது. வருடாந்தரச் சுத்தம். நல்லவை, கெட்டவை எல்லாவற்றையும் ஒரே நாளில் கழற்றி, ஒரே தொட்டியில் கழுவி, அடித்தகடுகளைச் செய்தித்தாளின்மேல் காயவைத்தேன். பின்பு உடல்களை எடுத்து, கைக்கு வந்த தகட்டை மாட்டினேன். எந்தத் தகடு எந்த உடலுக்கு என்று நான் பார்க்கவில்லை. தகடு கழலக்கூடியது என்பதை, அதைக் கழற்றிக்கொண்டிருந்த நானே எண்ணிப் பார்க்கவில்லை. இங்கே ஒரு நல்ல உடல் சிவப்புத் தகடு பெற்றிருந்தது. ஆகவே வேறொரு கெட்ட உடல் சுத்தமான தகடு பெற்று ரோந்து வண்டிக்குப் போயிருக்கிறது.

நேரே டாலியின் வீட்டுக்குச் சென்றேன். அவன் கார்க்கொட்டகையில் தன் சொந்தத் துப்பாக்கியோடு நின்றிருந்தான். போலித் தோட்டாவைச் சிக்கவைத்து, மேகசினைப் பிடுங்கி, பூட்டுக்கம்பியை மூன்று முறை பின்னிழுத்து, வேறொன்றைச் செருகி, சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தான். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினான்.

"நாலு செகண்டு," என்றான், திரும்பாமல். "இப்ப நாலுல முடியுது. அன்னிக்கு எவ்வளவு ஆச்சுன்னே தெரியல."

"டாலி, அத கீழ வை. ஒண்ணு சொல்லணும்."

"நானும் ஒண்ணு சொல்லணும். யோசிச்சுப் பாத்தேன். வண்டியவிட்டு எறங்கறப்ப கீழ போட்டிருப்பேன்னுதான் தோணுது. ஏதோ சத்தம் கேட்ட மாதிரிகூட ஞாபகம் வருது."

"நீ கீழ போடல."

"உனக்கெப்படித் தெரியும்? நீ அங்க இருந்தியா?"

சொன்னேன். தொட்டி, செய்தித்தாள், தகடு எல்லாவற்றையும் ஒன்றும் குறைக்காமல் சொன்னேன். அவன் முகம் தெளியும் என்று எதிர்பார்த்திருந்தேன். தெளியவில்லை.

"மூணு வாரம்," என்றான் மெதுவாக. "கேக்காத சத்தத்தையெல்லாம் கேட்டேன்னு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன்யா. நீ எதிர்மேசையில உக்காந்து காப்பி குடிச்சிட்டு இருந்த."

"இன்னிக்குக் காலையிலதான் எனக்கே…"

"போ வெர்லின். வியாழக்கிழமை அங்க வந்து சொல்லு. எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?"

நான் வாயிலைத் தாண்டுமுன்னரே, உலோகம் பின்னிழுபடும் ஓசை மறுபடியும் கேட்டது.

வியாழனன்று நீதிமன்றத்து மாடியறையில் இருபது பேர் இருந்தனர். காரின் ஆம்தால் முன்வரிசையில் கறுப்புக் குளிரங்கியைக் கழற்றாமலே அமர்ந்திருந்தாள். டாலி சன்னலோரம் நின்றான். அவ்விருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. நான் சிவப்புத் தகடுள்ள ஒன்றும் இல்லாத ஒன்றுமாக இரண்டு மேகசின்களை மேசைமேல் வைத்து, அனைவரும் காண அடித்தகடுகளைச் சறுக்கிக் கழற்றினேன். இடம் மாற்றி மாட்டினேன். பார்வைக்குக் கெட்டது நல்லதாயிற்று, நல்லது கெட்டதாயிற்று. அதற்குப் பத்து நொடிகூட ஆகவில்லை. "நவம்பர்ல நான் செஞ்சது இதுதான். டாலி மேல தப்பு இல்ல," என்றேன்.

விசாரணை அதிகாரி தம் அறிக்கையில் ஒரு பக்கத்தைக் கோடிட்டு அடித்தார். ஆர்டிஸ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உலோகம் சரியில்லைன்னு எழுதிட்டு எல்லாத்தையும் மாத்திடலாம்னு இருந்தேன், வெர்லின்," என்றார். "அப்படி எழுதினா யாருக்கும் வலிச்சிருக்காது."

காரின் எழுந்தாள். அவள் குரல் கடையில் விலை கேட்பவள் குரல் போலச் சாதாரணமாக இருந்தது.

"வெர்லின், டாலி வாங்கிட்டு வந்தானே அந்தப் பிளாஸ்டிக்கு, அத நீங்க குடுத்திருந்தா ராய்ஸ் இப்ப இருப்பாரா?"

அறையிலிருந்த எல்லாரும் என்னைப் பார்த்தனர். ஆம் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு வெறுக்க ஒரு பொருளாவது கிடைத்திருக்கும்.

"அதுலயும் அடித்தகடு கழலும்மா," என்றேன். "அதையும் நான்தான் கழுவியிருப்பேன்."

அவள் தலையசைத்தாள். கையுறைகளை ஒவ்வொரு விரலாக மாட்டிக்கொண்டு வாயிலை நோக்கி நடந்தாள். சன்னலருகே நின்றவனைக் கடக்கையில் ஒரு கணம் நின்று, அவன் கையை, அந்தக் கையை மட்டும், தன் கையுறையால் தொட்டாள். பின் படியிறங்கிப் போய்விட்டாள். டாலி தன் கையைப் பார்த்தபடியே நின்றான். ஆர்டிஸ் என்னிடம் ஆயுத அறைச் சாவியைக் கேட்டார். வளையத்திலிருந்து அதைக் கழற்றுவதற்கு எனக்கு வெகுநேரம் பிடித்தது.