உச்சியில் கல் ஆறுவதில்லை

1.

இது ஒரு மனுவாகத்தான் தொடங்கியது. கதை எழுதும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை அனோஜா எங்கள் வேலியில் சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள். அறிவியல்நகரில் பொறியியல் படிக்கிற பிள்ளை. கிணற்றுக்கட்டில் குந்தியவள் நேரே விசயத்துக்கு வந்தாள்.

"அக்கா, கொழும்புக்கு, பரீட்சைத் திணைக்களத்துக்கு ஒரு மனு எழுதோணும். நீங்கள் எழுதினாத்தான் வாசிப்பினம்."

நான் எழுதினால் ஒருவரும் வாசிப்பதில்லை என்பதற்கு என் வேலை விண்ணப்பங்களே சாட்சி. ஆனாலும் தர்மபுரத்தில் எங்கள் ஒழுங்கையால் முதன்முதல் பல்கலைக்கழகம் போனவள் நான்தான். தமிழும் வரலாறும் புவியியலும் படித்தேன். அந்தப் படிப்பால் ஊர் கண்ட பலன், தெருவிளக்குக்கும் மலசலகூடத்துக்கும் மனு எழுத ஓர் ஆள் கிடைத்தது.

"என்ன மனு?"

"நிதர்சனா பார்த்து எழுதேல்ல எண்டு."

"அவள் தானே ஒப்புக்கொண்டவளெல்லோ?"

"ஓம். அது பொய் அக்கா."

"மேற்படி விடயம் தொடர்பாக" என்று எழுதினேன். அதற்குமேல் பேனா போகவில்லை. மேற்படி விடயத்தை நாகரிகமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அநாகரிகமாகச் சொல்ல இடம் தருவது கதை மட்டும்தான்.

2.

முதல் தொடக்கம்: செம்மண் வீதியில் புழுதி பறக்க, மாலைச் சூரியன் பனைகளுக்கு இடையே

(விடு. எங்கள் வீதிக்குத் தார் போட்டாயிற்று. தாருக்கும் நான்தான் மனு எழுதினேன்.)

இரண்டாம் தொடக்கம்: மூன்று பெண்பிள்ளைகள் பழைய இரும்பு பொறுக்கக் காட்டுக்குள் போனார்கள். ஒருத்தியின் காலில் ஏதோ

(இதையும் விடு. வன்னிக் கதை என்றதும் நீங்கள் காதைப் பொத்திக்கொண்டு காத்திருப்பீர்கள் என்று தெரியும். இந்தக் கதையில் எதுவும் வெடிக்காது. ஒரு பஸ் நிற்காமல் போகும். அவ்வளவுதான்.)

3.

எங்கள் பாடசாலை அலுவலக வாசலில் ஒரு பலகை உண்டு. உயர்தரப் பிரிவுகள்: கலை, வர்த்தகம், கணிதம். கணிதம் பலகையோடு சரி. கற்பிக்க வந்தவர்கள் இடமாற்றக் கடிதத்தையும் கையோடு கொண்டுதான் வந்தார்கள். கலைக்கு ஆசிரியர்கள் இருந்தார்கள், அதனால் நான் கலை. எனக்குப் பிறகு வந்த மூன்று பேர் அடம்பிடித்துக் கணிதம் எடுத்தார்கள்: அனோஜா, நிதர்சனா, தயாளினி.

மூன்று பாடம். மூன்றுக்கும் கிளிநொச்சியில் ரியூசன். மூன்றுக்கும் காசு கட்டிப் போய்வர எந்த வீட்டாலும் ஏலாது. ஆகவே பாடங்களைப் பங்கு போட்டார்கள். அனோஜா இரசாயனவியலுக்குப் போவாள். நிதர்சனா பௌதிகவியலுக்கு. தயாளினி இணைந்த கணிதத்துக்கு. போனவள் திரும்பி வந்து, அனோஜா வீட்டுக் குசினியில், அடுப்புக்கு எதிர்ச் சுவரில் கரியால் எழுதி மற்ற இருவருக்கும் படிப்பிப்பாள். படிப்பிக்கும் நேரத்தில் அவள் "மிஸ்". அந்த நேரம் "டி" போட்டுக் கதைக்கக் கூடாது. மிஸ்ஸைக் கேள்வி கேட்கலாம், சந்தேகப்படக் கூடாது.

"என்னா புள்ள, வாத்தியாரம்மா மூணு பேரும் வந்தாச்சா?" என்று அனோஜாவின் அம்மா மீனம்மா கச்சான் தோட்டத்தில் கடலை பிடுங்கும் வேலையால் வந்து கேட்பார். அவருடைய தாய் தகப்பன் எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடித்துத் துரத்தப்பட்டு வன்னிக்கு வந்தவர்கள். மலைநாட்டுப் பேச்சு இன்னும் போகவில்லை. "செவுத்த நாசம் பண்ணிட்டீங்க. செவுத்துக்கும் கரண்டுக்கும் பில்லு போட்டு வாங்கப்போறேன் பாருங்க." சொல்வார், ஆனால் அந்த வருடங்களில் அவர் அந்தச் சுவரைச் சாணம் போட்டு மெழுகவே இல்லை.

(இந்த முறையைப் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதலாம். "சமூகப் பங்கேற்புக் கற்றல்" என்று தலைப்பு வைத்தால் மாநாட்டுக்குக்கூடக் கூப்பிடுவார்கள். வேறு வழியில்லாமல் செய்ததற்கு மாநாடு எதற்கு?)

4.

நிதர்சனா முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்த கத்தோலிக்கப் பிள்ளை. தகப்பன் வின்சன் களப்பில் இறால் பிடிப்பவர். படிப்புக்காகத் தர்மபுரத்தில் சின்னம்மா வீட்டில் இருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பரந்தன் வழியாகக் கிளிநொச்சி போகும் பஸ் அவளுக்காக நிற்கவில்லை. மாணவர் சலுகைச் சீசன் ரிக்கற்றோடு கைகாட்டும் பிள்ளையைக் கண்டால் சில சாரதிகளுக்குக் கால் பிரேக்கில் பதியாது. அடுத்ததும் நிற்கவில்லை. அதற்கடுத்ததும்.

இனி வருவது எனக்குத் தெரியாதது, நானே இட்டுக்கட்டுவது. அவள் வேப்பமர நிழலில் நிற்கிறாள். வகுப்பு தொடங்கும் நேரம் வருகிறது, முடியும் நேரமும் வருகிறது. வீட்டுக்குப் போய் "பஸ் நிக்கேல்ல" என்று சொல்லலாமே? இந்த இடத்தில் எனக்கு இந்தப் பாத்திரத்தில் நம்பிக்கை விட்டுப்போனது. இவ்வளவு சின்ன விசயத்துக்கு யார் பொய் சொல்வார்கள்?

அனோஜாவிடம் கேட்டேன். அவள் கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்கு முதல் கிழமை தயாளினி காய்ச்சல் எண்டு போகேல்ல. நான் அவளைப் பேசினனான். உன்ர காய்ச்சலுக்கு நாங்கள் மூண்டு பேரும் பெயில் விடுறதோ எண்டு. நிதர்சனா பக்கத்தில நிண்டவள்."

சரி. இப்போது நம்புகிறேன்.

அந்த நிழலில் நிதர்சனா பாடப்புத்தகத்தைத் திறந்து தனக்கு விளங்கியதை விளங்கிக்கொண்டாள். பின்னேரம் சுவரில் ஒரு கல்லைக் கீறினாள். மேலே போகும் அம்புக்குறி. உச்சி. கீழே வரும் அம்புக்குறி.

"மேல எறிஞ்ச கல் உச்சியில ஒரு கணம் ஆறும். ஆறுற அந்தக் கணத்தில அதில ஒரு விசையும் இல்ல. மனுசர் வேலை முடிச்சு வந்து ஒரு மூச்சு விடுற மாதிரி."

"வடிவாச் சொல்லுறீங்கள் மிஸ்," என்றாள் அனோஜா.

அவள் படிப்பித்ததிலேயே வடிவான பாடம் அதுதான். பிழையான பாடமும் அதுதான்.

(பௌதிகம் தெரிந்தவர்கள் சிரிப்பீர்கள். இது சாதாரண தரத்திலேயே படிக்க வேண்டியதல்லவா? ஓம். சாதாரண தரத்தில் எங்களுக்கு விஞ்ஞானம் படிப்பித்தவர் சங்கீத ரீச்சர். பாவம், அவவுக்குத் தெரிந்ததைச் சொன்னா.)

5.

உயர்தரப் பெறுபேறு வந்தது. தயாளினிக்கு வந்தது. மற்ற இருவருக்கும் "நிறுத்திவைக்கப்பட்டுள்ளது" என்று இருந்தது. பௌதிகவியலில் ஒரு விடையில் இருவரும் ஒரே பிழையை ஒரே சொற்களில் எழுதியிருந்தார்களாம். எந்த வினா என்று சொல்லவில்லை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

அனோஜாவிடம் கேட்டது: "பின்னுக்கு இருந்தவ உங்கட பேப்பரைப் பார்க்கக்கூடியதா இருந்ததா?"

"தெரியாது சேர். பின்னால இருந்தவள்தான்."

பொய் இல்லை. ஆனால் அதற்குள் ஒரு சின்னத் தள்ளல் இருந்தது. தன்னை வெளியே எடுத்துவிடும் அளவுக்குத் தள்ளல்.

அடுத்து நிதர்சனா போனாள். அவள் ஒருத்திக்குத்தான் எந்த வினா என்று பார்க்காமலே தெரிந்தது. "நாங்கள் ஒரே சுவரில் படித்தவர்கள், நான் பிழையாகப் படிப்பித்துவிட்டேன்" என்று அவள் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால், ரியூசனில் பௌதிகம் எடுத்த குகதாசன் சேரைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பார்கள். அவள் அன்று வகுப்புக்கு வராதது தெரியவந்திருக்கும். அது அனோஜாவுக்கும் தெரியவந்திருக்கும்.

"நான்தான் பார்த்து எழுதினனான்," என்றாள்.

அவளுக்குப் பரீட்சைத் தடை வந்தது. அனோஜாவுக்குப் பெறுபேறு வந்தது, பிறகு பொறியியல் பீடம் வந்தது. நிதர்சனாவை ஏற்ற விடியற்காலையில் ஆடைத் தொழிற்சாலை பஸ், ஊரார் சொல்லும் 'காமென்ற்ஸ்' பஸ், வந்து நின்றது.

அரசாங்கத்தின் முன் கள்ளியாக நிற்க அவளால் முடிந்தது. அனோஜாவின் முன் பொய் சொன்ன மிஸ்ஸாக நிற்க முடியவில்லை. இதை எந்த மனுவில், எந்தப் பந்தியில் போடுவது?

6.

அனோஜா அவளோடு கதைப்பதை நிறுத்தினாள். தன் விடைத்தாளைத் திருடியவள் அல்லவா? ஏ9 வீதியில் தொழிற்சாலை பஸ்ஸும் பல்கலைக்கழகப் பிள்ளைகளின் பஸ்ஸும் ஒன்றை ஒன்று முந்தும். யன்னலில் முகம் தெரிந்தால் அனோஜா போனைப் பார்ப்பாள்.

முதலாம் வருடம் ஒரு விரிவுரையில் கேள்வி வந்தது. உச்சியில் கல்லின் மேல் விசை எவ்வளவு? அனோஜா கை உயர்த்தினாள். "ஒன்றும் இல்லை. அது ஆறுகிறது." வகுப்பு சிரித்தது.

குகதாசன் சேரிடம் கோபத்தோடு போனாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் உப்பிடிப் படிப்பிப்பனா பிள்ளை? அண்டைக்கு அந்தப் பிள்ளை வகுப்புக்கு வரேல்ல. பிறகும் விட்ட பாடத்தைக் கேக்கேல்ல. நானும் யோசிச்சனான்."

தயாளினிக்கு உடனே போன் எடுத்தாள். தயாளினி இப்போது மல்லாவியில் கலியாணம் கட்டி இருக்கிறாள். "கல்லுக் கணக்கோ? சோதனையில நான் அதைத் தொடவே இல்லையடி. எனக்குக் கல்லெண்டாப் பயம்."

அப்போதுதான் அனோஜாவுக்கு எல்லாம் விளங்கியது. வீட்டுக்கு வந்து சுவரடியில் குந்தி அழுதாள். மீனம்மா கேட்டார், "என்னாத்துக்கு இப்ப செவுத்தப் பாத்து அழுவுற?"

(அந்தக் கல்லின் படம் இன்னும் சுவரில் மங்கலாக இருந்தது என்று எழுத எனக்கு ஆசை. இல்லை. பொங்கலுக்கு மீனம்மா மெழுகிவிட்டார்.)

7.

இதுவரை எழுதியதை அனோஜாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"நான் இவ்வளவு நல்லவளில்லை அக்கா. ரெண்டு வருசமா அவளைப் பற்றி ஊரிலயும் கம்பஸிலயும் எல்லாரிட்டையும் சொல்லித் திரிஞ்சனான். அதையும் போடுங்கோ."

போட்டுவிட்டேன்.

"முடிவு?"

முடிவு அ: மனு போகிறது. தடை நீங்குகிறது. நிதர்சனா பரீட்சை எழுதி (இதை எழுதும்போது என் பேனாவே சிரித்தது.)

முடிவு ஆ: மனு போகிறது. மூடிய விசாரணைக் கோவையைத் திறக்கிறார்கள். திறந்தால் இரண்டு பெயரும் உள்ளே இருக்கும். அனோஜாவின் பெறுபேறும் மறுபடி நிறுத்தப்படுகிறது. (இதுதான் நடக்கக்கூடியது. வகுப்புக்கே போகாதவள் எப்படிப் படிப்பித்தாள் என்று கேட்பார்கள். மெழுகிய சுவரைக் காட்டுவதா?)

முடிவு இ: ஒருவரும் ஒன்றும் செய்வதில்லை. (இது முடிவல்ல. எங்கள் வழமை.)

"முடிவு 'ஆ' எண்டாலும் பரவாயில்லை," என்றாள் அனோஜா. "அனுப்புவம். ஆனா அவள் ஓமெண்டு சொல்லோணும்."

8.

விடிந்தும் விடியாத நேரத்தில் என் ஸ்கூட்டியில் இருவரும் அந்த பஸ் தரிப்பிடத்துக்குப் போனோம். நிதர்சனா தொழிற்சாலைச் சீருடையில் வேப்பமரத்தின் கீழ் நின்றாள். எங்களைக் கண்டதும் சிரித்தாள்.

"பாருங்கோ அக்கா, படிக்கப் போகேக்க ஒரு பஸ்ஸும் நிக்காது. இந்த பஸ் ஒரு நாளும் நிக்காமப் போகாது."

அனோஜா மனுவை நீட்டினாள். நிதர்சனா வாசித்து முடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"சேரிட்டப் போனனியோ?"

"ஓம்."

"அந்தப் பொய்யைக் கோயில்ல சுவாமியிட்டப் பாவசங்கீர்த்தனத்தில சொல்லிட்டன். உன்னட்டத்தான் சொல்ல ஏலாமப் போச்சு."

"நான் அண்டைக்குத் தயாளினியைப் பேசினதாலயே?"

நிதர்சனா அனோஜாவின் கையிலிருந்த மனுவை விரலால் தட்டினாள். "இதை அனுப்பாதை. உன்ர இடமும் போகும். ரெண்டு பேரும் காமென்ற்ஸில நிண்டு என்ன செய்யிறது? எனக்குப் பக்கத்து மெசினும் காலியில்லை."

"போகட்டும்."

"மீனம்மாவைக் கேட்டனியோ?"

அனோஜா மனுவை நாலாக மடித்தாள். நிதர்சனா என் பக்கம் திரும்பினாள்.

"நீங்கள் கதையும் எழுதுறீங்களாம். எழுதுங்கோ. பேரை மாத்திப் போட்டு எழுதுங்கோ. ஆனா பாடத்தைப் பிழையா விட்டிடாதேங்கோ அக்கா. வாசிக்கிற பிள்ளையளும் பிழையாப் படிச்சுப்போடும்."

"எனக்குப் பௌதிகம் தெரியாதே."

"எனக்கு இப்பத் தெரியும். பஸ்ஸுக்குள்ள இருந்து படிச்சனான்."

அவள் குனிந்து ஒரு வேப்பங்காயைப் பொறுக்கினாள். அனோஜா நேராக நின்றாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல் வந்தது.

"சொல்லுங்கோ மிஸ்."

நிதர்சனாவின் வாய் கோணியது. வேப்பங்காயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"மேல எறிஞ்ச கல்லுக்கு உச்சியில வேகம் பூச்சியம். ஆனா ஆர்முடுகல், வேகம் மாறுற வீதம், பூச்சியம் இல்லை. புவி அதை அப்பவும் அதே அளவாத்தான் கீழ இழுத்துக்கொண்டிருக்கும். போகேக்க எவ்வளவோ, உச்சியிலயும் அவ்வளவு, வரேக்கயும் அவ்வளவு. நிண்ட மாதிரித் தெரியும். ஆறுறேல்லை."

(இது குறியீடு இல்லை. பாடம். பிள்ளைகள் எழுதிக்கொள்ளுங்கள்.)

தூரத்தில் பஸ்ஸின் வெளிச்சம் தெரிந்தது.

"அப்ப மனு?" என்றாள் அனோஜா.

"இதை எறியிறன். நீ பிடிச்சா அனுப்பு. விழுந்தா விட்டிடு. பிறகு இந்தக் கதை எடுக்கக் கூடாது."

வேப்பங்காயை எறிந்தாள். அது மரத்தின் கீழ்க் கிளை வரை போனது, நின்றது. அங்கேயே கதையை நிறுத்தத்தான் நான் நினைத்திருந்தேன். எவ்வளவு வசதியான இடம். ஆனால் அங்கே நிறுத்தினால் நானும் அந்தப் பிழையான பாடத்தைத்தான் படிப்பித்தவளாவேன்.

ஆகவே அது கீழே வந்தது. அனோஜா மனுவைக் கைமாற்றிக்கொண்டு கையை நீட்டினாள். தட்டிவிடுவதற்கோ, தானே பிடிப்பதற்கோ, நிதர்சனாவின் கையும் நீண்டது. பஸ் வந்து வீதியிலிருந்து எங்களை மறைத்துக்கொண்டு நின்றது.

நான் பார்த்தேன். எழுதமாட்டேன். எந்தக் கையில் விழவேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ, அந்த முடிவின் விலையையும் நீங்களே மீனம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள்.