சாணுக்கு ஓர் ஈரக்கோடு

விரிப்பில் ஈரக்கோடு மறுபடியும் விழுந்திருந்தது. ஒச்சம்மா அதைக் கொடியில் போட்டு, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து அளந்தாள். ஒரு சாண் நன்றாகப் பிழிந்த துணி. பிறகு குறுக்கே இரண்டு விரல் அகலத்துக்கு ஈரம். மறுபடி ஒரு சாண், மறுபடி ஈரம். தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை அப்படியே. மழைக்காலத்தில் அந்தக் கோடுகள் மட்டும் காயாமல் நாறின.

சிப்பிகாட் என்ற ஊரில் ஒரு வெள்ளைக்காரத் தோட்டத்துரை கட்டிய மரவீடு அது. இப்போது மியூசியம். பின்கட்டு அறைகளில் டூரிஸ்டுகள் தங்குகிறார்கள். சலவைக் கொட்டகையில் ஒரு செம்புத் தொட்டி, வரிவரியான தகரப்பலகை, கையால் சுற்றித் துணி பிழியும் மெஷின். பார்ப்பவர்கள் படம் எடுத்துக்கொள்ளட்டும் என்று, அறைகளின் விரிப்புகளை எல்லாம் தினமும் அதிலேயே பிழியச் சொல்லியிருந்தார் முதலாளி.

இரும்புச் சட்டத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ரப்பர் உருளைகள். பிடியைச் சுற்றினால் பல்சக்கரங்கள் அவற்றை எதிரெதிராகச் சுழற்றும். துணி நடுவே புகுந்து மறுபக்கம் தட்டையாக வரும். தண்ணீர் இந்தப் பக்கமே வழிந்துவிடும். உச்சியில் ஒரு திருகு. அதை இறுக்க இறுக்க மேல் உருளை கீழ் உருளையை அழுத்தும்.

ஒச்சம்மாவுக்கு இது புதிதல்ல. சுனாமிக்கு முன்பு கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பதினைந்து வருஷம் ஷீட் அடித்தவள். உறைந்த ரப்பர்பாலை இதே மாதிரி மெஷினில்தான் விட்டுச் சுற்றுவார்கள். அங்கே உருளைகள் இரும்பு. இறுக்கம் ஒருமுறை சரியாக அமைந்துவிட்டால் திருகை யாரும் தொடமாட்டார்கள். தொட்டால் மறுநாள் ஷீட்டின் கனம் மாறிப்போகும், மேஸ்திரி கத்துவார். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் சாயங்காலம் பிடியைக் கீழே தொங்கவிட்டு, திருகை இறுக்கமாகவே வைத்துவிட்டு வீட்டுக்குப் போவாள்.

"என்னாக்கா, பெட்ஷீட்டு கேட்டா புலித்தோல காயப்போட்டு வச்சிருக்கீங்க?" சூப்பர்வைசர் யோகராஜ் கொடியருகே வந்து நின்றான்.

"நான் என்னா தம்பி செய்யிறது? பிடி கீழ வர்றப்பெல்லாம் உள்ளுக்குள்ள டொக்குனு ஒண்ணு இடிக்குது."

"அதுக்கும் வயசாயிருச்சு, உங்களுக்கும் வயசாயிருச்சு. நல்லா டைட் பண்ணுங்க. இன்னொரு கம்ப்ளைண்ட் வந்தா ஆள மாத்துன்னு மொதலாளி சாப் சொல்லிட்டாரு."

இறுக்கினாள். கோடு போகவில்லை, பிடிதான் கனத்தது. மறுநாள் இன்னும் அரைச்சுற்று. அதற்கு மறுநாள் இரண்டு கையாலும் தொங்கித்தான் பிடியை இறக்க வேண்டியிருந்தது. டூரிஸ்ட் ஒருவர் அதைப் படம் எடுத்தார். அந்த வாரக் கடைசியில், பதினாலாவது விரிப்பில், வலது தோளுக்குள் ஏதோ அறுந்த மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரியில் பத்து நாள் ஓய்வு என்று எழுதிக் கொடுத்தார்கள். யோகராஜ் சீட்டைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"சீட்டெல்லாம் டீக் ஹே, சரிதான் அக்கா. தினக்கூலிக்கு லீவு எங்கருந்து வரும்?"

"வேற ஆள வச்சிராத தம்பி. எங்க வீட்டுக்காரரு படுத்த படுக்கையா கெடக்குறது ஒனக்குத் தெரியும். குடும்பம் ஓடுறது இந்தக் கையிலதான்."

"போய்ட்டு வாங்க, பாக்கலாம்."

பதினோராம் நாள் காலை கொட்டகையில் வேறொருத்தி பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஜங்லிகாட் ஊர்க்காரி, பெயர் ஷீலா. அவளுக்கும் ஐம்பதை ஒட்டிய வயது.

"கோவிச்சுக்காதீங்க அக்கா. நேத்துதான் கூப்ட்டாங்க. அதுவரைக்கும் மெஷினுக்குப் பெயிண்ட் வேல நடந்துச்சாம். திருகக் கழட்டி, உருளையத் தூக்கி வச்சு, ஒம்போது நாளு."

சட்டம் புதுப் பச்சையில் பளபளத்தது. ஒச்சம்மா கொடியில் கிடந்த விரிப்பை இடது கையால் தடவிப் பார்த்தாள். மெல்லிசாக, சாணுக்கு ஒன்று.

"நேத்தும் கோடு விழுந்துச்சா?"

"நேத்து ஒண்ணுமில்ல. இன்னிக்குக் காலைலருந்துதான். டொக்கு டொக்குன்னு வேற சத்தம்."

"சாயங்காலம் திருக அப்படியே விட்டுட்டுப் போனியா?"

"ஆமா. வேற என்ன பண்றது?"

ஒச்சம்மா குனிந்து, கீழ் உருளையின்மேல் கட்டைவிரலை ஓட்டினாள். ஒரே ஓர் இடத்தில் விரல் லேசாக இறங்கியது. மேல் உருளையிலும் அதற்கு நேரே அதே இறக்கம். உருளையைச் சுற்றி அளந்தாள். ஒரு சாண். கச்சாலில் இரும்பு ரப்பரை அழுத்தியது. இங்கே அழுத்துவதே ரப்பர். ராத்திரி முழுக்க ஒரே இடத்தில் நெருக்கிக் கிடந்து பள்ளம் விழுகிறது; ஒன்பது நாள் தூக்கி வைத்ததில் எழும்பியது, நேற்று ராத்திரி மறுபடி விழுந்திருக்கிறது. சுற்றுக்கு ஒருமுறை இரண்டு பள்ளமும் எதிரெதிரே வரும்போது அங்கே துணி அழுந்துவதில்லை. அவள் இறுக்க இறுக்கப் பள்ளம்தான் ஆழமாகியிருக்கிறது.

யோகராஜ் வந்தான். "கை எப்படி இருக்கு? தூக்குங்க பாப்போம்."

தூக்கினாள். மார்பு உயரத்தோடு நின்றுவிட்டது.

"அடுத்த சீசன்ல பாக்கலாம் அக்கா. சாப்கிட்ட சொல்லி வைக்கிறேன்."

"கோடு ஏன் விழுதுன்னு கண்டுபிடிச்சிட்டேன் தம்பி."

"அதான் பெயிண்ட் அடிச்சதும் சரியாயிருச்சே." டூரிஸ்ட் வேன் ஹாரன் அடித்தது. அவன் வாசலுக்கு ஓடினான்.

ஷீலா பிடியை விட்டுவிட்டுத் தன் தோளைப் பிசைந்துகொண்டு நின்றாள். ஒச்சம்மா எட்டி, இடது கையால் திருகைப் பிடித்து மூன்று சுற்றுத் தளர்த்தினாள். மேல் உருளை எழும்பியது. இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது.

"வேல முடிஞ்சதும் இப்படித் தளத்தி விட்ரு. ராவெல்லாம் அழுத்தத்துலயே கெடக்கக் கூடாது. காலைல திரும்ப மூணு சுத்து இறுக்கிக்க."