இடது கன்னம்

ஒப்பனை அறை உள்ளே தாழிட்டிருந்தது. ஸ்டுடியோக்காரர் மூன்றாவது முறையாகத் தட்டினார்.

"குட்டிம்மா, கதவத் தொற. கஸ்டமர் தலை சீவணுமாம்."

"சீவாமலே எடுங்க. அப்புறம் நீங்கதான் எல்லாத்தையும் சரி பண்ணிருவீங்களே!"

பன்னிரண்டு வயது மகள் இவ்வளவு சத்தமாகப் பேசி அவர் கேட்டதில்லை. அவள் இடது கன்னத்தில் மை கொட்டியது போல ஒரு பிறவி மச்சம். பள்ளியில் அவளுக்கு 'மைக்கூடு' என்று பெயர். நேற்று அடையாள அட்டைக்காக அவள் வகுப்பையே படம் எடுத்தவர், பருக்களையும் தழும்புகளையும் நீக்கும்போது அந்த மச்சத்தையும் அழித்திருந்தார். இன்று அட்டையைப் பார்த்தவள் நேராக வந்து ஒப்பனை அறைக்குள் புகுந்துகொண்டாள்.

திரைச்சீலைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அவர் அங்கே ஒளித்து வைத்திருந்த பிராந்தி பாட்டில் இல்லை.

"உள்ள என்னம்மா பண்றே?"

"கண்ணாடி பாக்குறேன். ரெண்டு மூடி குடிச்சா நான் நல்லாத்தான்ப்பா இருக்கேன். பாட்டுப் போட்டி அன்னிக்கும் இப்படித்தான். எல்லாரும் கை தட்டினாங்க."

போட்டி முடிந்து இரண்டு வாரமாகிறது. கை தட்டியவர்களில் அவரும் ஒருவர்.

"உள்ள என்ன, கல்யாணப் பொண்ணா?" காத்திருந்த கஸ்டமர் சிரித்தார். அவரை நாளை வரச் சொல்லிவிட்டு ஷட்டரை இறக்கினார்.

"மூணாவது மூடி ஊத்துறேன்" என்றது குரல்.

"வேணாம்மா! பழைய படத்தையே போட்டுத் தரேன்."

"எங்க, காட்டுங்க."

கணினியிடம் ஓடினார். ஒவ்வொரு படத்தையும் திருத்தி, அதன் மேலேயே சேமிப்பது அவர் வழக்கம். அந்தக் கன்னம் எங்கும் இல்லை.

"இல்லம்மா. போயிடுச்சு. கைப்பழக்கத்துல..."

"கை தானா அழிச்சுதா?"

கதவில் நெற்றியை வைத்துக்கொண்டார். உள்ளே கண்ணாடி மேசையில் பாட்டில் இடிக்கும் சத்தம் கேட்டது.

"இல்ல. பாத்துத்தான் அழிச்சேன். இது இல்லாம இருந்தா உன்ன யாரும் கிண்டல் பண்ண மாட்டாங்களேன்னு தோணுச்சு. தப்புதான்."

பிறகு தாழ் நகர்ந்தது. முகம் சிவந்து, கண்கள் எங்கோ மிதக்க, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"குடு." அவர் கையை நீட்டினார்.

"இனிமே அழிக்க மாட்டீங்களே?"

"மாட்டேன்."

பாட்டிலைக் கொடுத்தாள். அதன் வாய் திறந்தே இருந்தது. மூடியை மட்டும் அவள் உள்ளங்கை இறுகப் பற்றியிருந்தது. அவர் மீண்டும் கையை நீட்டினார்.