பெருவிரலுக்குப் பக்கத்தில் எழுதிய பெயர்

1

இந்தக் கதை ஒரு தப்பிலிருந்து பிறந்தது. தப்பு என்னுடையது. மிஷன் பள்ளிக்கூடத்துச் சாயங்கால வகுப்பில் முப்பத்தெட்டு வயதில் எழுத்துப் படித்தவன் நான். படிக்கத் தொடங்கிய ஆறாம் மாதம் அதைச் செய்தேன். எழுதத் தெரியாமலே இருந்திருந்தால் செய்திருக்க முடியாது.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: ‘அறுபத்தொன்றாம் வருசம், சித்திரை வெயிலில், நாரணாபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிய கல்லூரிப் பெண் குடையை விரித்து…’

நிறுத்திவிட்டேன். அவளிடம் குடை இல்லை. அழகுக்குச் சேர்த்தது. அப்படியே போனால் கதையும் அவளுடையதாகிவிடும். இது முத்துப்பேச்சியின் கதை. (அவளுடைய நிஜப் பெயர் அதுவல்ல. ஏன் மாற்றினேன் என்பது போகப்போகத் தெரியும்.)

2

ஆனாலும் கல்லூரிப் பெண்ணைச் சொல்லாமல் தீராது. பெயர் தேவமணி. மதுரையில் பி.ஏ. படித்தாள். அப்பா இல்லை, அம்மா விருதுநகரில் நர்சு. கோடை லீவில் தொழிலாளிகளின் உரிமைக் குறைகளைக் கேட்டு எழுதி வருகிற மாணவர்களுக்கு ஒரு தர்ம நிதிக்காரர்கள் மாதம் அறுபது ரூபாய் உதவித்தொகை கொடுத்தார்கள். இரண்டு மாதத்துக்கு. முதல் மாதத்தொகை முன்னாலேயே வந்துவிடும். இரண்டாவது, முப்பது வாக்குமூலம் காட்டினால்தான். அதை நம்பித்தான் அவள் பரீட்சைக் கட்டணம் இருந்தது.

நான் வேலை பார்த்தது தீப்பெட்டி ஆபீசில். (எங்கள் பக்கம் கம்பெனியை ஆபீஸ் என்றுதான் சொல்வோம்.) தேவமணிக்கு உதவியாக, சாப்பாட்டு நேரத்தில் பெண்களை வேலிக்கு வெளியே கூட்டிப் போவேன். கருவேல நிழலில் உட்கார்ந்து அவள் கேட்டு எழுதுவாள்.

“லீவு எடுத்ததுக்கு ஒனக்குச் சம்பளமா தாயி?” என்றாள் ராக்காயி. குச்சி அடுக்குகிறவள்.

“சம்பளம் இல்லக்கா, உதவித்தொகை.”

“நாங்க லீவு போட்டா இருக்கதையும் பிடிச்சுக்கிடுவாக. ஒங்க நிதிக்காரக கிட்ட எங்களையும் சேத்துவிடேன்.”

“அதுக்குக் காலேசுல படிக்கணும்க்கா.”

“படிச்சிட்டாப் போச்சு. எம் மாமியாதான் விடமாட்டா.”

எல்லாரும் சிரித்தார்கள். தேவமணியும்தான்.

3

ஒரு விதி வைத்திருந்தாள்: பெயர் எழுதக் கூடாது. சொன்னது யாரென்று தெரிந்தால் வேலை போய்விடும். வாக்குமூலத்துக்கு அடியில் பெருவிரல் ரேகை மட்டும்.

இருபத்தொன்பது சேர்ந்துவிட்டது. கடைசி நாள். முப்பதாவதாக வந்தவள் முத்துப்பேச்சி. குச்சி முனையை மருந்தில் முக்குகிற இடத்தில் அவளுக்கு வேலை. முந்தின ஐப்பசியில், காயப்போட்டிருந்த குச்சிச் சட்டம் பற்றிக்கொண்டு அவள் இரண்டு கையும் வெந்துபோயின. வீட்டு அடுப்பில் சுட்டுக்கொண்டதாக ஆபீசில் எழுதிவிட்டார்கள். வைத்தியச் செலவு ஒன்றும் தரவில்லை. புண் ஆறியதும் அதே இடத்துக்கே வேலைக்கு வந்தாள். இதைத்தான் சொன்னாள். சொல்லி முடித்து, மையில் விரலைத் தோய்த்து அழுத்தினாள்.

ரேகை விழவில்லை. வெந்து ஆறிய தோலில் ரேகை ஏது? தாளில் வெறும் கறுப்புப் பொட்டு. மற்ற விரல்களையும் வைத்துப் பார்த்தோம். எல்லாம் பொட்டுத்தான்.

“இதைச் செல்லாதுன்னு தள்ளிருவாகண்ணே,” என்றாள் தேவமணி. “நானே மையைத் தொட்டு வச்சதும்பாக. இனி வேற ஆளும் வராது.”

“பேரை எழுதிட்டாப் போச்சு,” என்றேன்.

[இந்த இடத்தில் தேவமணி ‘வேண்டாம்’ என்று சொன்னதாக முதலில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. பேனாவைத் தந்தாள்.]

எழுதினேன். என் எழுத்து குண்டு குண்டாக, நன்றாகவே இருக்கும்.

“என்னண்ணே எழுதுற?” என்றாள் முத்துப்பேச்சி.

“ஒம் பேரு.”

“எம் பேரா? இம்புட்டு நீளமாவா இருக்கு?” குனிந்து பார்த்தாள். “எங்கன முடியுது?”

முடிகிற இடத்தைக் காட்டினேன்.

4

நிதிக்காரர்கள் நல்லவர்கள். வெறும் ரேகையை வைத்து யாருக்கு நியாயம் கேட்பது? பெயர் இருந்த அந்த ஒரு தாளைப் படியெடுத்து ஆபீசுக்கே அனுப்பி விளக்கம் கேட்டார்கள். என்ன விளக்கம் போனதோ தெரியாது. தாள் வந்த மறுநாள் முத்துப்பேச்சியை நிறுத்தினார்கள். பிறகு சுற்றுவட்டாரத்தில் எந்த ஆபீசிலும் அவளைச் சேர்க்கவில்லை.

என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. என் பெயர் எந்தத் தாளிலும் இல்லை.*

* சாட்சி என்று என் பெயரைப் போட்டிருக்கலாம். அது அப்போது தோன்றவில்லை. தோன்றவில்லை என்றுதான் எழுதுகிறேன்.

5

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் தேவமணி வக்கீலாகத் திரும்பி வந்து வழக்குப் போட்டு… பாதியில் விட்டுவிட்டேன். அவள் வரவில்லை. ஒரு கடிதம்தான் வந்தது. பரீட்சை எழுதிவிட்டாளாம். முத்துப்பேச்சி எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருந்தாள். நான் பதில் போடவில்லை.

இன்னொன்றில் முத்துப்பேச்சி என்னை மன்னித்தாள். அவள் பேசியதெல்லாம் நான் கேட்க ஆசைப்பட்ட பேச்சாகவே இருந்தது. கிழித்துப் போட்டேன்.

நடந்தது இது. போன மாசியில் முத்துப்பேச்சியைத் தேடி வெம்பக்கோட்டைக்குப் போனேன். மிளகாய்க் காட்டில் கூலிக்குப் பழம் பறித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையால். வரப்பில் உட்கார்ந்து, இதுவரைக்கும் உள்ளதை வாசித்துக் காட்டினேன். “ஒன் நெசப் பேரையே போடட்டுமா?” என்று கேட்டேன்.

அவள் பழச் சாக்கைப் பக்கத்தில் இழுத்தாள். சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டே கேட்டாள்:

“அந்தப் பிள்ளைக்கு ரெண்டாவது மாசத் துட்டு வந்துச்சா?”

“வந்துச்சு.”

“அப்பச் சரி. ஒருத்திக்காவது வந்துச்சே.”

அவள் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதியிருக்கிறேன். சந்தோசப்பட்டுச் சொன்னாளா, என்னைக் குத்திச் சொன்னாளா என்று எழுத எனக்குத் தெரியவில்லை. நீங்கள் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எந்தக் குரல் வருகிறதோ அதையே முடிவாக வைத்துக்கொள்ளுங்கள். அவள் முகத்தைப் பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.