இடது பக்கப் பெட்டி

என் வீட்டுக்காரர் பேயாண்டி ஒரு வாரமாக இடது பக்க ஸ்பீக்கர் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ப்ளைவுட்டை அவரே அறுத்து, அவரே ஒட்டி, என் அம்மா கொடுத்த இலவம்பஞ்சுத் தலையணையை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கிழித்து உள்ளே திணித்துச் செய்த பெட்டி. சமயநல்லூரில் எங்கள் மாடி அறையைத்தான் தியேட்டர் ஆக்கியிருந்தார். வெள்ளையடித்த சுவர்தான் திரை.

வெறும் ஆசைக்குச் செய்ததில்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவருக்கு உசிலம்பட்டியில் மைக்செட் கடை வேலை. காதுகுத்து, சடங்கு, திருவிழா என்று ஆள் உயரப் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தவர். இனி வீடுகளுக்குத் தியேட்டர் செய்துகொடுத்துப் பிழைக்கலாம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு நின்றுவிட்டார். மதுரையிலிருந்து சிவராம் என்று ஒரு ஆடிட்டர், முதல் ஆளாக ஞாயிற்றுக்கிழமை கேட்டுப் பார்க்க வருவதாக இருந்தது. அவருக்குப் பிடிக்காவிட்டால் திரும்பிப் போக வேலையும் இல்லை.

சரிபார்ப்பது சுலபம். சுவரில் செய்தி வாசிக்கிற பெண் நடுவில் இருக்கிறாள். அவள் குரலும் நடுவிலிருந்து வர வேண்டும். இரண்டு பெட்டியும் சமமாக ஒலித்தால் சுவரே பேசுகிற மாதிரி இருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது. அவரோ குரல் வலப்பக்கம் ஒதுங்கி நிற்கிறது, இடது பெட்டி படுத்துவிட்டது என்றார்.

இரண்டும் சமம்தான் என்றேன். சீரியல் கேட்டே கெட்டுப்போன காதுக்கு என்ன தெரியும் என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக் கழற்றினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலையணை போனதற்குக்கூட அவ்வளவு கோபம் வரவில்லை. ஆனால் விட்டுவிட்டுப் போகவும் மனமில்லை. அதே நாற்காலியில் உட்கார்ந்து கேட்டால் எனக்கு ஒரு மாதிரியும் அவருக்கு வேறு மாதிரியும் ஏன் இருக்க வேண்டும்?

பெட்டிகளை இடம் மாற்றி வைத்தோம். வலது பெட்டி இடப்பக்கம் போனது. போனதும் அதுவும் படுத்துவிட்டது என்றார். வயர்களை மாற்றினோம். அப்போதும் இடப்பக்கம்தான். பிறகு பழி இடப்பக்க ஜன்னல் மேல் விழுந்தது. சத்தம் அந்த வழியாக ஓடிப்போகிறதாம். என் நல்ல போர்வை ஒன்று ஆணியடிக்கப்பட்டது. ஒன்றும் மாறவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் பொறுமையிழந்து ஆம்ப்ளிபயரில் இடப்பக்க வால்யூமை மட்டும் ஏற்றினார். இப்போதுதான் குரல் நடுவுக்கு வந்தது என்று முகமெல்லாம் சிரிப்பு. நான் உட்கார்ந்து கேட்டேன். இடப்பக்கம் மட்டும் கத்தியது. செய்தி வாசிக்கிறவள் ஜன்னலோரம் நின்று சண்டை போடுகிற மாதிரி இருந்தது. இதை ஆடிட்டருக்குப் போட்டுக் காட்டினால் காரியம் கெட்டது என்றேன். கோபித்துக்கொண்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்துவிட்டார். செய்தி ஓடிக்கொண்டே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் வலது பெட்டிப் பக்கம் கையை நீட்டினார். "இந்தா பாரு, இப்ப அதுவும் படுத்துருச்சு."

நான் ஆம்ப்ளிபயரைப் பார்த்தேன். யாரும் தொடவில்லை. பெட்டி, வயர், போர்வை எல்லாம் அப்படி அப்படியே இருந்தன. அந்த அறையில் திரும்பியது அவர் மட்டும்தான்; வலது பெட்டி இப்போது அவருக்கு இடப்பக்கம்.

செய்தியை நிறுத்தினேன். பின்னால் போய் அவருடைய வலது காதை உள்ளங்கையால் பொத்தி, சாப்பிட வாங்க என்று மெதுவாகச் சொன்னேன். என்ன விளையாட்டு, கையை எடு என்றார். அடுத்து இடது காதைப் பொத்தி அதையே சொன்னேன்.

"இப்பத்தான சாப்ட்டோம்" என்றவர் பாதியில் நிறுத்தினார். பிறகு அவரே தன் வலது காதை அழுத்தி மூடிக்கொண்டார். "இன்னொருக்கா சொல்லு."

சொன்னேன். இன்னும் சத்தமாகச் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மைக்செட் வேலையில் நாற்காலியைப் போட்டால் பெரிய பெட்டி எப்போதும் இடப்பக்கம்தான் இருக்கும் என்று அவராகவே சொன்னார். திங்கட்கிழமை டாக்டரிடம் போவோம் என்றேன்; தலையாட்டினார். ஆடிட்டரை வர வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று கேட்டேன். அவர் நாற்காலியைப் பழையபடி சுவரைப் பார்க்கத் திருப்பினார். செய்தியை மறுபடி ஓடவிட்டார். ஆனால் உட்காரவில்லை.

"நீ உக்காரு ஜெயக்கொடி. எங்கருந்து வருதுன்னு நீ சொல்லு. நாளைக்கு அவரு கேக்கப்போறது அதத்தான்."

ஒரு வாரமாகச் சமம், சமம் என்று தொண்டை கிழியக் கத்தியவள் நான். நம்பிவிட்டார் என்றதும் பயம் வந்தது. என் காதும் சரியாக இருக்கிறதா என்று ஒரு சந்தேகம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். இடப்பக்கம் சத்தம் கூட என்றேன். குறைத்தார். இன்னும் என்றேன். குறைத்தார்.

கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் காதுக்கு இந்நேரம் அந்த இடது பெட்டியே அடங்கிப் போயிருக்கும். ஆனாலும் கை நிற்கவில்லை. நான் போதும் என்று சொன்ன பிறகுதான் வால்யூமிலிருந்து கையை எடுத்தார்.